மானிட்டரில் படம் சரியில்லையா? மாற்றும் முன் குறை எங்கே என்று பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் சிறு கடை எங்களுடையது. நாள் முழுக்க நான் பார்ப்பது திரையைத்தான். புடவையின் நிறம் ஒரு துளி மாறினாலும் பெண் வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் திரை காட்டுவதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. இது தெரிந்து மர்பி டவுன், காக்ஸ் டவுன் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் மானிட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். "பேனல் போயிடுச்சு போல தம்பி, எஸ்பி ரோட்டுல வேற பார்த்துடலாமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். எஸ்பி ரோடு எங்கள் ஊரின் கணினிச் சந்தை. திறந்து பார்த்தால் பெரும்பாலும் பேனல், அதாவது படம் காட்டும் பலகை, நன்றாகவே இருக்கும். குறை கேபிளில் இருக்கும், இல்லையென்றால் யாரோ எப்போதோ மாற்றிவைத்த ஒரு செட்டிங்கில் இருக்கும். நல்ல மானிட்டரைத் தள்ளிவிட்டு இன்னொன்றுக்குக் காசு கொடுப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதற்காகத்தான் அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன்.

முதல் வேலை: குறை எங்கே இருக்கிறது?

படம் உங்கள் கண்ணுக்கு வருவதற்குள் மூன்று இடங்களைக் கடக்கிறது: கணினி, கேபிள், மானிட்டர். எதில் குறை என்று தெரியாமல் செட்டிங்கைத் திருகினால் இருந்ததும் கெடும். பிரித்துப் பார்க்க மூன்று சோதனைகள் போதும். எதற்கும் காசு வேண்டாம்.

ஒன்று, குறை தெரியும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புங்கள். போனிலும் அதே குறை தெரிந்தால் அது கணினிக்குள்ளேயே இருக்கிறது; மானிட்டரைக் குறை சொல்ல வேண்டாம். போனில் படம் சுத்தமாக இருந்தால் குறை அதற்குப் பிறகுதான் சேர்கிறது.

இரண்டு, மானிட்டரில் இருக்கும் பட்டனை அழுத்தி அதன் மெனுவைத் திறங்கள். அந்த மெனுவைக் கணினி அனுப்புவதில்லை, மானிட்டரே வரைகிறது. கோடோ மினுக்கலோ மெனுவின் மேலேயும் ஓடினால் குறை மானிட்டருக்குள். மெனு மட்டும் பளிச்சென்று, பின்னால் உள்ள படம் மட்டும் கெட்டிருந்தால் கேபிள், போர்ட், கணினி என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

மூன்று, கேபிளைக் கழற்றிவிடுங்கள். 'நோ சிக்னல்' என்ற எழுத்து வரும். அந்த எழுத்தும் அதன் பின்னணியும் ஒழுங்காகத் தெரிந்தால் மானிட்டரின் உடம்பு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

சரி, சோதனைக்கு உட்காரும் முன் இன்னும் கொஞ்சம். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பழைய மானிட்டர்களில் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) சூடாகி நிலைபெற அவ்வளவு நேரம் ஆகும். மேற்கு ஜன்னலுக்கு எதிரே திரை இருந்தால் மாலை நாலு மணிக்குச் சோதிக்காதீர்கள், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். திரையை மஞ்சளாக்கும் விண்டோஸின் நைட் லைட்டை அணையுங்கள். மானிட்டர் மெனுவில் ஈகோ, டைனமிக் கான்ட்ராஸ்ட் என்று எது இருந்தாலும் நிறுத்துங்கள். அப்புறம் திரையைத் துடையுங்கள். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும், அழுக்கு விடவில்லை என்றால் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே வேண்டாம், திரையின் மேல்பூச்சை அது அரித்துவிடும். இறந்த பிக்சல் என்று என்னிடம் வந்த சில, துணியோடு வந்துவிட்ட தூசிதான்.

எழுத்து மங்கலாக, கசிந்தது போல இருக்கிறது

அதிகம் வருவது இந்தப் புகார்தான். பெரும்பாலும் எளிதில் தீர்வதும் இதுதான்.

தட்டைத் திரையில் பிக்சல்கள் எண்ணி வைத்தவை. 24 அங்குல மானிட்டர் என்றால் பெரும்பாலும் 1920×1080. 27 அங்குலத்தில் 1920×1080 உண்டு, 2560×1440 உண்டு. கணினி அதே எண்ணிக்கையை அனுப்பினால் ஒரு பிக்சல் ஒரு பிக்சலில் உட்காரும். குறைத்து அனுப்பினால் மானிட்டர் அதை இழுத்து நிரப்பும். இழுத்தால் எழுத்தின் ஓரம் பக்கத்துப் பிக்சலுக்குள் கசியத்தான் செய்யும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷன் 'ரெக்கமெண்டட்' என்று காட்டுவதில் இருக்கிறதா பாருங்கள். அதோடு விடாமல் மானிட்டர் மெனுவில் 'இன்ஃபர்மேஷன்' பகுதியையும் திறந்து, உண்மையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் கணினி ஒன்று நினைக்கிறது, மானிட்டருக்கு வேறொன்று போகிறது.

ஐடி கம்பெனிகள் கழித்துக் கட்டும் மானிட்டர்கள் நம் ஊரில் பழைய பொருள் சந்தைக்கு நிறைய வருகின்றன. அவற்றில் 19 அங்குலத்தில் 1280×1024, 22 அங்குலத்தில் 1680×1050, 24 அங்குலத்தில் 1920×1200 என்று பழைய அளவுகள் இருக்கும். இவற்றுக்கு 1080 அனுப்பினாலும் பல மானிட்டர்கள் ஏற்றுக்கொண்டு அமுக்கிக் காட்டும். வட்டம் முட்டையாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஒரு ரூபாய் நாணயத்தைத் திரையில் வைத்து, பெயின்டில் அதே அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ரெசல்யூஷன் சரி, இருந்தும் மங்கல் என்றால் கேபிளைப் பாருங்கள். நீல முனையும் பதினைந்து ஊசியும் உள்ள விஜிஏ கேபிள் என்றால் அது அனலாக் சிக்னல். ஒவ்வொரு பிக்சலும் எங்கே தொடங்குகிறது என்று மானிட்டர் ஊகித்துத்தான் எடுக்க வேண்டும். ஊகம் அரைப் பிக்சல் தவறினால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், செங்குத்தான பட்டை பட்டையாக மங்கலும் தெளிவும் மாறி மாறி வரும். மானிட்டரில் 'ஆட்டோ' பட்டன் இதற்குத்தான் இருக்கிறது. ஆனால் கறுப்பு வால்பேப்பரை வைத்துக்கொண்டு அழுத்தினால் பயன் இல்லை. படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மானிட்டருக்குத் தெரிய, நான்கு ஓரம் வரை வெளிச்சமான ஏதாவது இருக்க வேண்டும். வெள்ளைப் பக்கம் நிறைய எழுத்தைத் திரை முழுக்க விரித்துவிட்டு அழுத்துங்கள். இன்னும் நிழல் இருந்தால் மெனுவில் 'ஃபேஸ்' என்பதை ஒவ்வொரு எண்ணாக நகர்த்தி, எழுத்து சட்டென்று கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். கணினியிலும் மானிட்டரிலும் ஹெச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளேபோர்ட்டோ இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம், விஜிஏவை விட்டுவிடுங்கள்.

டாஸ்க்பார் எழுத்தெல்லாம் கூர்மையாக இருந்து ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மங்கினால் மானிட்டருக்குச் சம்பந்தமே இல்லை. விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங் 125 சதவீதம் வைத்திருப்பீர்கள். பழைய மென்பொருளுக்கு அது தெரியாததால் விண்டோஸ் அதன் படத்தை அப்படியே பெரிதாக்கிக் காட்டும். அந்த மென்பொருளின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதியில் ஹை டிபிஐ செட்டிங்கை மாற்றினால் தீரும்.

எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் ஓடினால் மானிட்டரின் ஷார்ப்னஸ் கூடிக் கிடக்கிறது. சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்தை வைத்து அந்த ஓரம் மறையும்வரை குறையுங்கள். எந்த எண் நடுநிலை என்பது மாடலுக்கு மாடல் மாறும், கண்ணைத்தான் நம்ப வேண்டும். கறுப்பில் சிவப்பு எழுத்து மட்டும் கலங்கினால், வழியில் நிறத் தகவல் குறைக்கப்படுகிறது. டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம். டிவி மெனுவில் அந்த இன்புட்டுக்கு 'பிசி' என்று பெயர் வைத்ததும் சில டிவிகளில் சரியாகிவிடும். டிவியில் ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி காணாமல் போவது ஓவர்ஸ்கேன். 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதைப் போட்டுவிடுங்கள்.

அரக்குப் புடவையில் மடிப்பே தெரியவில்லை

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான்.

தெரிந்த ஸ்டுடியோ அண்ணன் ஒருவர் புதுத் திரை வாங்கி ஹெச்டிஎம்ஐயில் மாட்டியிருந்தார். முகூர்த்தப் படங்கள் எல்லாமே இருட்டடித்துத் தெரிகின்றன என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் கூட்டி நாற்பது பக்க ஆல்பம் அச்சுக்கு அனுப்பிவிட்டார். வந்த ஆல்பத்தில் எல்லா முகமும் வெளுத்துப் போயிருந்தது. மானிட்டர் கெட்டது என்று எடுத்துக்கொண்டு வந்தார். நான் என் கணினியில் மாட்டி, சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒரு படத்தைத் திறந்தேன். அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு கட்டிய பெண், பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளை. எங்கள் திரையில் புடவைக் கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பும் எண்ணலாம். அவர் திரையில் கொசுவம் இருந்த இடம் ஒரே கறுப்புத் திட்டு. வேட்டியைப் பார்த்தேன். அதிலும் மடிப்பு இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

இருட்டுப் பக்கமும் வெள்ளைப் பக்கமும் ஒரே நேரத்தில் மடிப்பை இழந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கணினி கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் அனுப்புகிறது. டிவி உலகத்தின் பழைய வழக்கத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி முழு அளவில் அனுப்பும்போது திரை டிவி கணக்கில் எதிர்பார்த்தால், 16க்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பாகவும் 235க்கு மேலே உள்ளதெல்லாம் வெள்ளையாகவும் நசுங்கிவிடும். அண்ணனின் திரை மெனுவில் 'ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவல்' என்று ஒரு வரி இருந்தது. அதை மாற்றினேன். கொசுவம் திரும்பி வந்தது. சில மானிட்டர்களில் இதே வரி 'ஆர்ஜிபி ரேஞ்ச்' என்ற பெயரில் இருக்கும். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்த ஆல்பத்தைத் திரும்பப் போடணும், தம்பி" என்றார். அச்சுக் கூலி அவர் கைக்காசு.

இதன் மறுபக்கமும் உண்டு. கணினி 16 முதல் 235 வரை அனுப்பி, மானிட்டர் முழு அளவை எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும், படம் முழுக்க மேலே பால் ஊற்றியது போல இருக்கும். அப்போது கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்கில் அவுட்புட் ரேஞ்சை 'ஃபுல்' ஆக்குங்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கப் பெயின்ட் போதும். முழுக் கறுப்புப் பின்னணியில் நான்கு சதுரம் வரையுங்கள். எடிட் கலர்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண்ணாக, முதல் சதுரத்துக்கு 5, அடுத்ததற்கு 10, பிறகு 15, 20 என்று கொடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். நல்ல மானிட்டரில் 10 மெலிதாகத் தெரியும், 15 தெளிவாகத் தெரியும். 20ம் கண்ணுக்கு அகப்படவில்லை என்றால் மேலே சொன்ன ரேஞ்ச் பிரச்சினை, இல்லையென்றால் பிளாக் லெவல் தவறாக இருக்கிறது. அதேபோல வெள்ளைப் பின்னணியில் 235, 245, 250 என்று மூன்று சதுரம். அவை தெரியாவிட்டால் மானிட்டரின் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கான்ட்ராஸ்ட் கூட இருந்தால் நல்லது என்று நினைத்துப் பலர் நூறில் வைத்திருப்பார்கள். வேட்டியின் மடிப்பு அங்கேதான் காணாமல் போகும்.

இரண்டு முனையும் சரி, நடுவில் உள்ள முகங்கள்தான் வெளுத்தோ கறுத்தோ இருக்கின்றன என்றால் காமா சோதனை செய்யுங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள நிறங்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்ற கணக்குதான் காமா. ஸ்கேலிங்கை 100 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். பெயின்டில் பெரிதாக்கி, ஒரு பிக்சல் கறுப்புக் கோடு, அடுத்தது வெள்ளைக் கோடு என்று படுக்கைவாட்டில் இரண்டு வரி போடுங்கள். அதை நகலெடுத்துக் கீழே ஒட்டினால் நான்கு, அதை ஒட்டினால் எட்டு. இப்படி ஒரு கட்டம் நிறையும்வரை போகலாம், ஐந்து நிமிடம் ஆகாது. பக்கத்தில் 186 என்ற எண் கொடுத்து ஒரு சாம்பல் கட்டம். பெரிதாக்கியதை இயல்பு அளவுக்குக் கொண்டுவந்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு கட்டமும் ஒன்றாகக் கலந்தால் காமா 2.2 பக்கத்தில் இருக்கிறது, அதுதான் வேண்டும். சாம்பல் கட்டம் வெளிச்சமாகத் தெரிந்தால் காமா குறைவு, முகங்கள் வெளுக்கும். இருட்டாகத் தெரிந்தால் காமா அதிகம். மெனுவில் காமா எண்ணை மாற்றி, எதில் கட்டங்கள் கலக்கின்றனவோ அதில் விடுங்கள். பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும் டிஎன் வகைப் பேனல் என்றால் தலையை அசைத்தாலே இந்த விடை மாறும். நேர் எதிரே உட்கார்ந்து மட்டும் பாருங்கள்.

திரையில் பளிச், அச்சில் இருட்டு

செட்டிங் எல்லாம் சரியாக இருந்தும் இப்படி வந்தால் பிரைட்னஸ்தான். பல மானிட்டர்கள் கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று முழு வெளிச்சத்தில் வருகின்றன. முழு வெளிச்சம் என்றால் சதுர மீட்டருக்கு 250, 300 கேண்டெலா. அச்சு வேலைக்கு 80 முதல் 120 போதும். அளக்கக் கருவி இல்லாவிட்டால் ஒரு வெள்ளை ஏ4 தாளை வேலை செய்யும் அறை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் ஒரு காலி வெள்ளைப் பக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் நாள் மங்கலாகத் தோன்றும். இரண்டாம் நாள் பழகிவிடும், சாயங்காலம் கண் எரிச்சலும் குறைந்திருக்கும்.

வெள்ளை மஞ்சளாக, நீலமாக, ரோஜாவாகத் தெரிகிறது

மஞ்சள் என்றால் முதலில் நைட் லைட், அதற்கு அடுத்து மானிட்டரின் 'ரீடிங்', 'லோ புளூ' போன்ற முறைகள். நீலம் என்றால் கலர் டெம்பரேச்சர் (வெள்ளையின் சாயல், கெல்வின் அளவில்) 'கூல்' அல்லது 9300இல் இருக்கும், 6500க்கு மாற்றுங்கள். நம் கடைகளிலும் வீடுகளிலும் எரியும் வெள்ளை எல்இடி ட்யூப்களில் பெரும்பாலானவை 6500தான். அதனால் ட்யூப் வெளிச்சத்தில் பிடித்த தாளோடு ஒப்பிடலாம். மஞ்சள் பல்புக்குக் கீழே ஒப்பிட்டால் திரை எப்போதும் நீலமாகத்தான் தெரியும்.

படம் முழுக்க மஞ்சளோ ரோஜாவோ படர்ந்து, செட்டிங் எதிலும் காரணம் கிடைக்கவில்லை என்றால் கேபிளை அசைத்துப் பாருங்கள். விஜிஏ கேபிளில் நீல நிறத்துக்கான ஊசி மடங்கியிருந்தால் வெள்ளை மஞ்சளாகும், பச்சைக்கான ஊசி என்றால் ரோஜாவாகும். முனையைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். விஜிஏவில் சில ஊசிகள் பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம், அது குறை இல்லை. மடங்கியது மட்டும்தான் குறை.

குங்குமம் தீப்பிடித்தது போல எரிகிறது, மஞ்சள் கயிறு ஹைலைட்டர் பேனா நிறத்தில் இருக்கிறது என்றால் உங்களிடம் இருப்பது நிற எல்லை அகலமான புதிய மானிட்டர். சாதாரணப் படங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவுக்குள் எடுக்கப்பட்டவை, 1996இல் வந்த அளவு அது. அகலமான திரை அந்த எண்களை அப்படியே இழுத்துக் காட்டினால் சிவப்பு மிகையாகிவிடும். மெனுவில் 'எஸ்ஆர்ஜிபி' முறையைப் போடுங்கள். பல மாடல்களில் அந்த முறையில் பிரைட்னஸை மாற்ற விடாது. அது எனக்கும் எரிச்சல்தான், ஆனால் நிறம் நம்பகமாக இருப்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

கறுப்புத் திரையில் மூலை வெளிச்சம்

இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் போட்டால் ஏறக்குறைய எல்லா எல்சிடியிலும் மூலையில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். பின்னால் எரியும் விளக்கை முழுதாக மறைக்க எல்சிடியால் முடியாது. அது எந்த வகை வெளிச்சம் என்பதுதான் கேள்வி. தலையை இடமும் வலமும் நகர்த்துங்கள், பின்னால் தள்ளி நில்லுங்கள். வெளிச்சம் கூடவே நகர்ந்தால், தள்ளிப் போனால் குறைந்தால், அது ஐபிஎஸ் என்ற வகைப் பேனலின் இயல்பு, மாற்றிக் கேட்டாலும் அதேதான் வரும். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் மஞ்சள் திட்டாக நின்றால் அது பேக்லைட் கசிவு, சட்டம் பேனலை அழுத்துவதால் வருவது. புதுப் பொருளில் கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தால் வாரண்டியில் கேளுங்கள். போனில் படம் எடுத்துப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், போன் கேமரா இருட்டில் வெளிச்சத்தைக் கூட்டித்தான் காட்டும்.

கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக வேண்டும் என்பவருக்கு விஏ என்ற வகைப் பேனல் பொருந்தும். ஐபிஎஸ், டிஎன் இரண்டிலும் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், ஏறக்குறைய 1000:1. விஏவில் 3000:1 அளவுக்குக் கிடைக்கும்.

ஒரு புள்ளி மட்டும் மாறவே இல்லை

கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து முழு நிறப் படங்களை வரிசையாகத் திரை நிறைய ஓட்டுங்கள். எல்லா நிறத்திலும் கறுப்பாகவே இருப்பது இறந்த பிக்சல். கறுப்புத் திரையில் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ எரிந்துகொண்டிருப்பது மாட்டிக்கொண்ட துணைப்பிக்சல், ஒரு பிக்சலுக்குள் இருக்கும் மூன்று நிறப் புள்ளிகளில் ஒன்று. மாட்டிக்கொண்டது சில நேரம் தானே விடுபடும். வேகமாக நிறம் மாறும் படத்தை அந்த இடத்தில் சில மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கலாம். விரலால் அமுக்காதீர்கள், ஒரு புள்ளியைக் காப்பாற்றப் போய்ப் பத்துப் புள்ளியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1920×1080 திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல் இருக்கின்றன. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரக் குறிப்பின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் பிக்சல் 2, எப்போதும் அணைந்த பிக்சல் 2, துணைப்பிக்சல் குறை 5 வரை அனுமதித்தது. 2008இல் ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்துக்கு வந்தது. இந்த மாதிரிக் கணக்கை வைத்துத்தான் ஒரே ஒரு புள்ளிக்கு மாற்றித்தர மறுக்கிறார்கள். வாங்கும் முன் வாரண்டித் தாளில் எத்தனை புள்ளிக்கு மாற்றுவார்கள் என்று படித்துவிடுங்கள்.

கோடு விழுந்திருக்கிறது

மெனுவைத் திறந்து பாருங்கள். கோடு மெனுவின் மேலும் ஓடுகிறது, கேபிளைக் கழற்றினாலும் இருக்கிறது என்றால் பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. சட்டத்தின் ஓரத்தை அழுத்தினால் கோடு மறைந்து வரும். அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நம்ப வேண்டாம், திரும்ப வரும். அதை ஒட்டித்தரக் கேட்கும் கூலி பெரும்பாலும் பழைய மானிட்டர் ஒன்றின் விலைக்கு வந்துவிடும். இந்த ஒன்றில் மட்டும் நான் தயங்காமல் மாற்றச் சொல்வேன்.

மினுங்குகிறது, கண் வலிக்கிறது

வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் கண் வலிக்கிறது என்றால் பேக்லைட்டை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றி வெளிச்சத்தைக் குறைக்கும் மானிட்டராக இருக்கலாம். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். பென்சில் வழவழவென்று மங்கினால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாக நின்று நின்று தெரிந்தால் மினுக்கல் உண்டு. அப்படியானால் மானிட்டர் பிரைட்னஸை உயர்த்தி வைத்து, அறை வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்வதே வழி.

படம் அவ்வப்போது ஒரு நொடி கறுத்து மீண்டும் வந்தால் அது வேறு, கேபிளோ இணைப்போ தளர்ந்திருக்கிறது. குறிப்பாக நீளமான மலிவுக் கேபிளில் 4கே (3840×2160) அனுப்பும்போது வரும். சின்னக் கேபிள் போட்டுப் பாருங்கள்.

மவுஸ் நகர்த்தினால் இழுக்கிறது, வால் விடுகிறது

இழுப்பது என்றால் ரெஃப்ரெஷ் ரேட். 4கே திரையை ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் மாட்டினால் நொடிக்கு 30 தடவைதான் படம் மாறும். 60 வேண்டுமானால் ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாதக்கணக்கில் 60இல் ஓட்டுகிறவர்களும் உண்டு. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் நீங்களே தேர்ந்தெடுத்தால்தான் மாறும்.

வால் விடுவது பேனலின் வேகம். நகரும் பொருளுக்குப் பின்னால் மங்கலான நிழல் வந்தால் 'ஓவர்டிரைவ்' அல்லது 'ரெஸ்பான்ஸ் டைம்' செட்டிங்கை ஒரு படி கூட்டுங்கள். பின்னால் வெளிச்சமான ஓரம் வந்தால் அது கூடிப்போய்விட்டது, ஒரு படி குறையுங்கள். விஏ பேனலில் இருட்டான காட்சிகளில் மட்டும் கருமை இழுப்பது அந்த வகையின் குணம், முழுதாகப் போகாது.

விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு

ஆன் செய்து இரண்டு நொடி படம் வந்து அணைகிறது, ஆனால் பவர் விளக்கு எரிகிறது. அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடியுங்கள். டார்ச் வெளிச்சத்தில் டெஸ்க்டாப் ஐகான்கள் நிழலாகத் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பேக்லைட்தான் எரியவில்லை. பழைய ட்யூப் வகைப் பேக்லைட் மானிட்டர்களில் இது அதிகம். ட்யூபோ அதை எரியவைக்கும் இன்வெர்ட்டரோ தளர்ந்தால் மானிட்டர் பாதுகாப்புக்காக அணைத்துவிடும். ஆன் ஆகவே நேரம் எடுக்கிறது, ஆன் ஆகி ஆகி அணைகிறது என்றால் பவர் போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கலாம்; அவை சில ரூபாய்ப் பொருள்கள்தான். ஆனால் நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் போர்டில் உயர்ந்த மின்னழுத்தம் தேங்கி நிற்கும். நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, "டார்ச் அடிச்சா படம் தெரியுது, பேக்லைட் பக்கம் பாருங்க" என்று சொல்லுங்கள். பேனலே போய்விட்டது என்று அவர் சொல்வதற்கு இடமிருக்காது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவாகி எஸ்பி ரோட்டுக்குப் போகிறீர்கள் என்றால், சிக்பேட்டையிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ மெட்ரோவை விட்டு இறங்கும்போது பையில் மூன்று பொருள் இருக்கட்டும். உங்கள் சொந்த ஹெச்டிஎம்ஐ கேபிள், மேலே சொன்ன கறுப்பு வெள்ளைச் சதுரங்களும் ஐந்து நிறங்களும் போட்ட பென்டிரைவ், ஒரு ஏ4 தாள். பழைய மானிட்டர் என்றால் கடையில் குறைந்தது இருபது நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். சூடான பிறகுதான் சில கோடுகளும் மினுக்கலும் வெளியே வரும். அதுவரை பேசிக்கொண்டிருங்கள், விலை பேசுவதை மட்டும் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையின் இரண்டாவது மானிட்டர் அப்படி வாங்கியதுதான். 24 அங்குலம், 1920×1200, ஓரத்தில் யாரோ ஒட்டிய அசெட் நம்பர் ஸ்டிக்கரின் பசை இன்னும் போகவில்லை. அரக்குப் புடவையின் கொசுவம் அதில் ஒன்று விடாமல் தெரிகிறது.